‘கையால ஓட்டினா ஓடுது, கிரான்ல போட்டா ஓடல’: சர்வர் ஸ்கிரிப்ட்டுகளைக் கவிழ்க்கும் சூழல் மாறிகள்

காலடிப்பேட்டை மெட்ரோ ஸ்டேஷன் பக்கம் ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறி, “டோல்கேட்” என்று மட்டும் சொல்லுங்கள். மறுகேள்வி வராது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பக்கத்திலேயே இருக்கும் டோல்கேட்டில் இறக்கிவிடுவார்கள். அதே வார்த்தையைத் திருச்சியில் சொன்னால், “நம்பர் ஒன் டோல்கேட்டா, டி.வி.எஸ். டோல்கேட்டா?” என்று கேட்பார்கள். வார்த்தை ஒன்றுதான். நிற்கிற இடத்தைப் பொறுத்து, அது காட்டும் இடம் மாறிவிடுகிறது.

சர்வர்களிலும் இப்படித்தான். ‘டேட்டாபேஸ் எங்கே இருக்கிறது?’, ‘பேக்கப்பை எந்த ஃபோல்டரில் போடுவது?’, ‘பாஸ்வேர்டு என்ன?’ என்ற கேள்விகளுக்கெல்லாம் ஸ்கிரிப்ட் ஒரு பெயரை மட்டும்தான் வைத்திருக்கும். அந்தப் பெயருக்கு என்ன மதிப்பு என்பதை, ஸ்கிரிப்ட் ஓடும் சூழல்தான் சொல்லும். என்விரான்மென்ட் வேரியபிள், தமிழில் ‘சூழல் மாறி’ என்பது இதுதான்.

ஆனால், ஆட்டோக்காரருக்கும் ஸ்கிரிப்ட்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. புரியவில்லை என்றால் ஆட்டோக்காரர் திரும்பக் கேட்பார். ஸ்கிரிப்ட் கேட்காது. மதிப்பு இல்லையென்றால் ‘காலி’ என்று எடுத்துக்கொண்டு, அடுத்த வரிக்குப் போய்விடும். அந்த அடுத்த வரி ‘எல்லாவற்றையும் அழி’ என்று இருந்தால்? அப்படி நிஜமாகவே நடந்திருக்கிறது.

சூழல் மாறி எங்கிருந்து வந்தது?

இது புதிய விஷயம் இல்லை. 1979-ல் வெளியான யூனிக்ஸ் ஏழாவது பதிப்பில் இந்த வசதி வந்தது. இன்றைக்கு லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் இருக்கிறது. ஒரு புரோகிராம் இன்னொரு புரோகிராமைத் தொடங்கும்போது, தன்னிடம் இருக்கும் பெயர்-மதிப்புப் பட்டியலின் ஒரு நகலைக் கையில் கொடுத்து அனுப்புகிறது. அவ்வளவுதான்.

இதில் மூன்று விதிகளை மட்டும் நினைவில் வைத்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

முதலாவது, கையில் கிடைப்பது நகல். குழந்தை புரோகிராம் அதில் என்ன மாற்றினாலும், தாய் புரோகிராமின் பட்டியல் மாறாது. ஒரு ஸ்கிரிப்ட்டை ஓட்டி அதற்குள் மதிப்பு கொடுத்துவிட்டு, வெளியே வந்து “ஏன் காணோம்?” என்று தேடுவது இந்த விதி தெரியாததால்தான்.

இரண்டாவது, ‘எக்ஸ்போர்ட்’ செய்தால்தான் மாறி அடுத்த புரோகிராமுக்குப் போகும். வெறுமனே மதிப்பு கொடுத்தால் அது அந்த ஷெல்லுக்குள்ளேயே நின்றுவிடும்.

மூன்றாவது, மதிப்பு எல்லாமே வெறும் எழுத்துச் சரம்தான். ‘ஃபால்ஸ்’ என்று எழுதி வைத்தால், அது பல மொழிகளில் ‘காலியில்லாத சரம்’ என்ற கணக்கில் ‘ட்ரூ’ ஆகிவிடும். அணைத்துவைத்ததாக நினைத்த வசதி ஓடிக்கொண்டே இருக்கும்.

ராத்திரி மட்டும் ஏன் ஓடவில்லை?

காலடிப்பேட்டையில் ப்ளூ லைன் மெட்ரோ பிடித்து கிண்டிக்கு வேலைக்குப் போகும் ஓர் இளம் டெவ்ஆப்ஸ் ஊழியரை நினைத்துக்கொள்வோம். சாயங்காலம் பேக்கப் ஸ்கிரிப்ட்டை எழுதி, கையால் நாலு முறை ஓட்டிப் பார்க்கிறார். சூப்பரா ஓடுகிறது. ராத்திரி 2 மணிக்குத் தானாக ஓடும்படி கிரானில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார். காலையில் டீம் லீடிடமிருந்து மெசேஜ்: “தம்பி, பேக்கப் வரலையே?”

“அண்ணா, என்கிட்ட ஓடுச்சே!” என்பதுதான் முதல் பதிலாக வரும். அது பொய்யும் இல்லை.

கையால் ஓட்டும்போது, லாகின் செய்த ஷெல் தன்னுடைய தொடக்கக் கோப்புகளைப் படித்து, புரோகிராம்களைத் தேடும் பாதையான ‘பாத்’ உட்பட எத்தனையோ மாறிகளை ஏற்கெனவே நிரப்பி வைத்திருக்கும். கிரான் அந்தக் கோப்புகளைப் படிப்பதில்லை. டெபியன், உபுன்டு போன்றவற்றில் பயனர் கிரானுக்குக் கிடைக்கும் ‘பாத்’, ‘/யூஎஸ்ஆர்/பின்’, ‘/பின்’ என்ற இரண்டே ஃபோல்டர்கள்தான். வேறு இடத்தில் நிறுவிய கருவி அதன் கண்ணுக்கே தெரியாது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு மாறியும் இருக்காது.

‘சூடோ’ போட்டு ஓட்டும்போதும் இதே கதைதான். பாதுகாப்புக்காக சூடோ பெரும்பாலான மாறிகளைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த கட்டளையைத் தொடங்கும். சிஸ்டம்டி சேவைகளும் உங்கள் ஷெல் கோப்புகளைப் பார்ப்பதில்லை. அதற்கென்று தனியாகச் சூழல் கோப்பைக் காட்ட வேண்டும்.

இன்னொரு பொறி, நேரம். கிளவுட் சர்வர்கள் பலவற்றில் நேர மண்டலம் யூடிசி-யில் இருக்கும. அங்கே ராத்திரி 2 மணி என்றால், நமக்குக் காலை 7.30. ‘டிஇசட்’ மாறியை உங்கள் ஷெல்லில் மாற்றினால் உங்கள் திரையில் நேரம் மாறுமே தவிர, கிரானின் கடிகாரம் மாறாது. ஆளில்லாத நேரத்தில் ஓட வேண்டிய கனமான பேக்கப், ஆஃபீஸ் தொடங்கும் நேரத்தில் சர்வரை இழுத்துப் பிடிக்கும்.

ஒரு காலிப் பெயர் அழித்த கோப்புகள்

ஓடாமல் நின்றால்கூடப் பரவாயில்லை. காலி மதிப்போடு ஓடினால்தான் ஆபத்து.

2015 ஜனவரியில், வால்வ் நிறுவனத்தின் ‘ஸ்டீம்’ கேம் செயலியை லினக்ஸில் பயன்படுத்திய ஒருவர், கிட்ஹப்பில் ஒரு புகார் எழுதினார். அவர் ஸ்டீம் ஃபோல்டரை வேறு டிரைவுக்கு நகர்த்திவிட்டுச் செயலியைத் திறந்திருக்கிறார். அவருடைய கணக்குக்குச் சொந்தமான கோப்புகள் அனைத்தும் அழிந்துபோயின. பேக்கப் இருந்த வெளி ஹார்டு டிஸ்க்கும் அப்போது இணைப்பில் இருந்தது. அதுவும் போச்சு.

காரணம், தொடக்க ஸ்கிரிப்ட்டில் இருந்த ஒரே ஒரு மாறி. ‘ஸ்டீம்ரூட்’ என்ற பெயரில், செயலி இருக்கும் ஃபோல்டரின் முகவரியை அது வைத்திருக்க வேண்டும். ஃபோல்டரைக் கண்டுபிடிக்க முடியாதபோது மதிப்பு காலியானது. பிறகு வந்த வரி, ‘ஸ்டீம்ரூட்டுக்குப் பின் ஒரு சாய்கோடு போட்டு, அதற்குக் கீழே இருப்பதையெல்லாம் அழி’ என்றது. ஸ்டீம்ரூட் காலி என்றால் மிஞ்சுவது வெறும் சாய்கோடு. லினக்ஸில் அதற்கு அர்த்தம், மொத்தக் கணினியின் வேர். அழிக்கும் கட்டளையில் வேரை நேரடியாக அழிக்காமல் தடுக்கும் பாதுகாப்பு உண்டு. ஆனால் இங்கே நட்சத்திரக் குறி இருந்ததால், ஷெல் அதை வேருக்குக் கீழே உள்ள ஒவ்வொரு ஃபோல்டராகப் பிரித்துக் கொடுத்துவிட்டது. பாதுகாப்பு விழிக்கவே இல்லை.

அந்த வரிக்கு மேலே, எழுதியவர் ஒரு குறிப்பும் வைத்திருந்தார்: ‘பயமா இருக்கு’ என்று பொருள்படும் ஒற்றைச் சொல். பயம் இருந்தது, சோதனை இல்லை. வால்வ் பிறகு அதைத் திருத்தியது.

நுட்பமாகச் சொன்னால், ஸ்டீம்ரூட் அந்த ஸ்கிரிப்ட்டுக்குள் உருவான ஷெல் மாறி. ஆனால் ஷெல்லைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஒரே விதிதான்: கேட்ட பெயர் இல்லையென்றால், சத்தமில்லாமல் காலி.

பாஸ்வேர்டை இதில் வைக்கலாமா?

ஹெரோகு நிறுவனத்தினர் எழுதிய ‘ட்வெல்வ் ஃபேக்டர் ஆப்’ என்ற வழிகாட்டி, 2010-களில் ஒரு தலைமுறை டெவலப்பர்களின் பழக்கத்தையே மாற்றியது. இடத்துக்கு இடம் மாறும் அமைப்புகளைக் கோடுக்குள் எழுதாதே, சூழலில் வை என்பது அதன் மூன்றாவது விதி. கோடை இந்த நிமிடமே உலகத்துக்குத் திறந்து வைத்தாலும், எந்த ரகசியமும் வெளியே போகக் கூடாது என்பதுதான் அதற்கான சோதனை.

இது நல்ல விதி. கோடுக்குள் பாஸ்வேர்டு வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஊபர் உதாரணம். 2016-ல் அந்த நிறுவனத்தின் இன்ஜினியர்கள் பயன்படுத்திய தனியார் கிட்ஹப் கிடங்குக்குள் இருவர் நுழைந்தனர். அங்கே அமேசான் கிளவுட் சாவி கிடைத்தது. அதை வைத்து 5 கோடியே 70 லட்சம் பயணிகள், டிரைவர்களின் தகவல்களை எடுத்துவிட்டனர். ஊபர் 1 லட்சம் டாலர் கொடுத்து விஷயத்தை மூடி வைத்தது. 2017 நவம்பரில்தான் வெளியே சொன்னது. 2018-ல் அமெரிக்க மாநிலங்களுக்கு 14.8 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்தது.

டொயோட்டாவில் நடந்ததும் இதே வகை. ‘டி-கனெக்ட்’ சேவையின் கோடில் ஒரு பகுதி, 2017 டிசம்பர் முதல் 2022 செப்டம்பர் வரை கிட்ஹப்பில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருந்தது. உள்ளே சர்வரின் சாவி. 2,96,019 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் கசிந்திருக்கலாம் என்று நிறுவனமே அறிவித்தது.

அப்படியென்றால் சூழல் மாறிதான் பாதுகாப்பான பெட்டகமா? அதுவும் இல்லை.

ஒரே வரியில் போன ரகசியங்கள்

கோட்கவ் என்பது, ஒரு மென்பொருளின் கோடில் எவ்வளவு பகுதி சோதிக்கப்பட்டது என்று அளந்து சொல்லும் சேவை. இதற்காக ஒரு பாஷ் ஸ்கிரிப்ட்டை நிறுவனங்கள் தங்கள் தானியங்கிச் சோதனைத் தளத்தில் இணையத்திலிருந்து இறக்கி, அப்படியே ஓட்டுவது வழக்கம்.

2021 ஜனவரி 31 முதல் அந்த ஸ்கிரிப்ட்டை யாரோ அவ்வப்போது மாற்றிக்கொண்டிருந்தார்கள். சேர்க்கப்பட்டது பெரிய வைரஸ் ஒன்றுமில்லை. அங்கே இருக்கும் சூழல் மாறிகள் அனைத்தையும் எடுத்து, வெளியில் ஒரு சர்வருக்கு அனுப்பும் வரிதான். சோதனைத் தளத்தில் சூழல் மாறிகள் என்றால் என்ன? கிளவுட் சாவிகள், டோக்கன்கள், பாஸ்வேர்டுகள். எல்லாம் ஒரே கூடையில்.

ஏப்ரல் 1 அன்று, வாடிக்கையாளர் ஒருவர் இறக்கிய ஸ்கிரிப்ட்டின் செக்சம்மை, வெளியிடப்பட்ட செக்சம்மோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் பொருந்தவில்லை. அப்போதுதான் விஷயம் வெளிவந்தது. இரண்டு மாதங்கள் யாருக்கும் தெரியவில்லை. ஹாஷிகார்ப் போன்ற நிறுவனங்கள் தங்கள் சாவிகளையே மாற்ற வேண்டியிருந்தது.

சூழல் மாறியின் பலம்தான் இங்கே பலவீனமும். எந்தப் புரோகிராமைத் தொடங்கினாலும் முழுப் பட்டியலும் கூடவே போகும். ஒரு சின்னக் கருவிக்கு ஒரே ஒரு டோக்கன் போதும் என்றாலும், டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் சேர்ந்தே அதன் கைக்குப் போகிறது.

வாசலிலேயே கிடக்கும் ‘டாட் என்வ்’ கோப்பு

மாறிகளை ஒவ்வொன்றாக அடிப்பது கஷ்டம் என்பதால், எல்லாவற்றையும் ‘டாட் என்வ்’ என்ற ஒரே கோப்பில் எழுதி வைப்பது வழக்கம். இந்தக் கோப்பு இணையதளத்தின் பொது ஃபோல்டரில் கிடந்தால், முகவரிப் பட்டையில் அதன் பெயரை அடித்தாலே பிரவுசரில் திறந்துவிடும்.

2024 ஆகஸ்ட்டில், பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸின் ‘யூனிட் 42’ ஆய்வுக் குழு ஒரு மிரட்டல் கும்பலின் வேலையை அம்பலப்படுத்தியது. அந்தக் கும்பல் குறிவைத்த தளங்கள் 1,10,000. கிடைத்த டாட் என்வ் கோப்புகளில் 90,000-க்கும் மேற்பட்ட மாறிகள். அவற்றில் சுமார் 7,000, கிளவுட் சேவைகளுக்கானவை. எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. திறந்து கிடந்த கோப்பைப் படித்தார்கள், உள்ளே போனார்கள், தகவலை எடுத்துக்கொண்டு பணம் கேட்டார்கள்.

இந்தியாவிலும் இது நடந்திருக்கிறது. 2021 பிப்ரவரியில் ‘சகுரா சாமுராய்’ என்ற பாதுகாப்பு ஆய்வாளர் குழு, இந்திய அரசுத் தளங்கள் சிலவற்றில் டாட் என்வ், டாட் கிட் கோப்புகள் பொதுவெளியில் திறந்து கிடந்ததை வெளியிட்டது.

ஆறு மணி நேரம், 250 கோடி

இது இன்ஜினியர்களின் உள் விவகாரம் மட்டும் அல்ல. இந்தியக் கணினி அவசர நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவின்படி, தகவல் கசிவு போன்ற சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். சர்வர் லாக்குகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும்.

2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகு நடைமுறைக்கு வரும். யூசர்களின் மொபைல் நம்பர் இருக்கும் டேட்டாபேஸின் பாஸ்வேர்டு பொதுவெளியில் கிடந்தால், “ஜூனியர் பையன் தெரியாம செஞ்சுட்டான்” என்ற விளக்கம் அங்கே எடுபடாது.

சரி, என்னதான் செய்வது?

* காலி என்றால் நில்: பாஷ் ஸ்கிரிப்ட்டின் முதல் வரிகளிலேயே ‘செட் -யூ’ போடுங்கள். மதிப்பே கொடுக்காத மாறியைத் தொட்டால் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். ஆனால் மதிப்பு கொடுத்து அது காலியாக இருந்தால், ‘செட் -யூ’ பிடிக்காது. ஸ்டீமில் நடந்தது அந்த வகைதான். எனவே முக்கியமான மாறிகளுக்குப் பெயரின் பின்னால் ‘:?’ போட்டு, ஒரு பிழைச் செய்தியும் எழுதுங்கள். இல்லாமல் இருந்தாலும் காலியாக இருந்தாலும் அங்கேயே நிற்கும்.

* காலிச் சூழலில் சோதியுங்கள்: கிரானில் போடும் முன், ‘என்வ் -ஐ’ கட்டளையோடு ஸ்கிரிப்ட்டை ஓட்டுங்கள். எந்த மாறியும் இல்லாத சூழலை அது தரும். ராத்திரி 2 மணிக்கு வரவேண்டிய பிழை, சாயங்காலம் 5 மணிக்கே கண்ணில் படும்.

* ‘பாத்’தை ஸ்கிரிப்ட்டிலேயே சொல்லுங்கள்: லாகின் ஷெல்லை நம்பாதீர்கள். தேவையான பாதையை ஸ்கிரிப்ட்டின் தலையில் எழுதுங்கள், அல்லது கருவிகளின் முழு முகவரியைக் கொடுங்கள்.

* எங்கே ஓடுகிறது என்று அறிவிக்கட்டும்: டெஸ்ட் சர்வருக்கும் புரொடக்‌ஷனுக்கும் தனித்தனிக் கோப்பு வையுங்கள். தொடங்கும்போதே எந்தச் சூழல், எந்த டேட்டாபேஸ் என்று ஸ்கிரிப்ட் லாக்கில் எழுதட்டும். சூழல் பெயர் இல்லையென்றால் ‘புரொடக்‌ஷன்’ என்று தானாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு வேண்டவே வேண்டாம்.

* டாட் என்வ் கோப்பு கிட்டுக்குள் போகக் கூடாது: முதல் கமிட்டுக்கு முன்பே ‘கிட் இக்னோர்’ பட்டியலில் சேருங்கள். சர்வரில் வெப் ஃபோல்டருக்கு வெளியே வையுங்கள். அனுமதி 600, அதாவது உரிமையாளர் மட்டுமே படிக்கலாம்.

* இமேஜுக்குள் பூட்டாதீர்கள்: டாக்கர்ஃபைலில் எழுதிய பாஸ்வேர்டு, இமேஜோடு ஒட்டிக்கொள்ளும். இமேஜ் கிடைத்த யாரும் எடுத்துப் பார்க்கலாம்.

* லாக்கைக் கவனியுங்கள்: பிழை தேட ‘செட் -எக்ஸ்’ போட்டால், மாறிகளின் மதிப்புகள் அப்படியே லாக்கில் அச்சாகும். முழுப் பட்டியலையும் அச்சிடும் வரியை ‘அப்புறம் எடுத்துக்கலாம்’ என்று விட்டுவைக்காதீர்கள்.

* பெரிய ரகசியத்துக்குப் பெட்டகம்: அன்சிபிள் பயன்படுத்தினால் அன்சிபிள் வால்ட், கிளவுடில் இருந்தால் அங்குள்ள சீக்ரெட்ஸ் மேனேஜர். முடிந்த இடத்தில் நிரந்தரச் சாவிக்குப் பதில், சில மணி நேரத்தில் காலாவதியாகும் தற்காலிக அனுமதி.

* அடுத்தவர் ஸ்கிரிப்ட்டை அப்படியே ஓட்டாதீர்கள்: குறிப்பிட்ட பதிப்பை இறக்கி, செக்சம் பாருங்கள். கோட்கவ் விஷயத்தைப் பிடித்தது அந்த ஒரு பழக்கம்தான்.

கசிந்துவிட்டால் முதல் வேலை என்ன?

பதற்றத்தில் பலரும் முதலில் செய்வது, கோப்பை அழித்துவிட்டுப் புதிய கமிட் போடுவது. அது பயன்படாது. கிட் பழைய வரலாற்றை முழுதாக வைத்திருக்கும். பின்னால் போய்ப் பார்த்தால் பாஸ்வேர்டு அங்கேயே இருக்கும். பொதுக் கிடங்குகளை ஓயாமல் அலசும் தானியங்கிக் கருவிகள், அதை ஏற்கெனவே எடுத்திருக்கவும் கூடும்.

முதல் வேலை, சாவியை மாற்றுவது. பழையதை ரத்து செய்து, புதியதைப் போட்டபிறகுதான் மற்றதெல்லாம். அடுத்து, பழைய சாவியை யாராவது பயன்படுத்தினார்களா என்று லாக்கில் பார்ப்பது. மூன்றாவது, மேலே இருப்பவர்களிடம் உடனே சொல்வது. 6 மணி நேரக் கணக்கு இருப்பதால், “காலையில சொல்லிக்கலாம்” என்று தள்ளிப்போடுவது தவறை இரட்டிப்பாக்கும். சொன்னவரைத் திட்டாத டீமில்தான் அடுத்த கசிவும் சீக்கிரம் வெளியே வரும்.

கடைசியாக ஒரு விஷயம். காலடிப்பேட்டை என்ற பெயருக்கும் யாருடைய காலடிக்கும் சம்பந்தமில்லை. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலட்டின் பெயரில், நெசவாளர்களுக்காக உருவான குடியிருப்பு அது. காலட் பேட்டை, வாய்வழியில் காலடிப்பேட்டை ஆனது. ஊருக்கு அதனால் நஷ்டமில்லை. ஆனால் சர்வரில் ‘இந்த மாறி எதுக்கு இருக்குன்னு யாருக்கும் தெரியல, ஆனா எடுத்தா ஏதோ உடையுது’ என்ற நிலை வந்தால் நஷ்டம்தான்.

அதற்கும் எளிய வழி உண்டு. மதிப்புகள் இல்லாமல், பெயர்கள் மட்டும் உள்ள ஒரு மாதிரிக் கோப்பைக் கிட்டில் வையுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, எதற்கு, யார் தருவார்கள், இல்லையென்றால் என்ன ஆகும் என்று ஒரு வரி. அடுத்து வேலைக்குச் சேருபவர் ராத்திரி 2 மணிக்கு உங்களுக்கு போன் செய்யாமல் இருக்க அது போதும்.